கூரையிலும் ஒரு பீலி

சகோதரிகளே, வட்டிலப்பம் பதமாக வருவது எப்படி, பரீட்சைக் காலத்தில் பிள்ளைக்கு என்ன சாப்பிடக் கொடுப்பது என்றெல்லாம் படித்துப் பழகிய உங்களிடம், ஒரு பழைய ஜீப்பின் கூரை ஒழுகிய கதையைச் சொல்லப் போகிறேன். "இது ஆம்பிளைகளுடைய சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் ஏழெட்டு மாதம் சும்மா இருந்தேன். அதனால் போன காசு போகட்டும். என் மாமியின் கழுத்துக் கட்டு நனைந்த அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

தொண்ணூறுகளில் மந்திரிமார் வந்திறங்கும் வண்டி என்றால் எங்கள் மாவனல்லைப் பிள்ளைகள் பஜீரோ என்றுதான் சொல்வார்கள். 1994ஆம் ஆண்டு செய்யப்பட்ட அப்படியொரு வண்டியை, இரண்டு பேர் பாவித்துக் கைமாறிய பிறகு, 2008இல் என் கணவர் வாங்கி வந்தார். கூரையில் ஒரு கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் அது பின்னால் வழுக்கிக்கொண்டு போய் வானம் தெரியும். சன்ரூப் என்கிறார்கள். பிள்ளைகள் சின்ன வயதில் அதற்குள்ளால் தலையை நீட்டி எத்தனை முறை ஏச்சு வாங்கியிருப்பார்கள்! அவர் 2017இல் கட்டாருக்குப் போன பிறகு நான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். அன்றிலிருந்து அந்த வண்டி என் பொறுப்பு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள் அல்லவா? அதன்பின் பழைய வண்டிகளுக்கு ஏறிய விலை உங்களுக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிட்டார்கள் என்றாலும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் எங்களைப் போன்றவர்களுக்குத் தலை சுற்றும். ஆகவே இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் எங்களுக்கு வழி. 2022இல் எண்ணெய்க்கு நாள் கணக்காக வரிசையில் நின்ற காலத்தில், ஜீப்பை வீட்டுக்குப் பின்னால் ஜம்பு மரத்தின் கீழ் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தேன். நிழலில் நின்றால் பெயின்ட் வெளிறாது என்பது என் கெட்டித்தனம். ஜம்பு பூக்கும் காலத்தில் மரத்தடி முழுக்கச் சிவப்பு நூலாகக் கொட்டிக்கிடக்கும். வண்டியின் மேலும் கொட்டியது. மேலால் கூட்டித் தள்ளினேன். கண்ணாடிக்குக் கீழே என்ன போனது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

2023 ஒக்டோபர் மழையில் முதல் சொட்டு விழுந்தது. முன்னிருக்கைகளுக்கு மேலே சின்ன லைட் ஒன்று இருக்கிறதே, அதன் ஓரத்தால். ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பார்த்தவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கண்ணாடியைச் சுற்றி சிலிக்கோன் பூசி, எட்டாயிரத்து ஐந்நூறு ரூபா வாங்கிக்கொண்டு, "இனி ஒரு சொட்டும் வராது மிஸ்" என்றார். இரண்டு கிழமை வரவில்லைதான். அந்த இரண்டு கிழமையும் மழையே பெய்யவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அடுத்த மழையில் முன்னைவிட மோசம். வேறொருவரிடம் போனேன். ரப்பர் இறுகிப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்து, பழைய வண்டியிலிருந்து கழற்றிய ரப்பர் ஒன்றை வாங்கிப் போட்டோம். கூலியோடு பதினெட்டாயிரம். அதுவும் சரிவரவில்லை. ஒரு முறை டயர் கடைக் காற்றைப் பிடித்துப் பலமாக ஊதியும் பார்த்தார்கள். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு நான் அதை விதி என்று விட்டுவிட்டேன். மழை வந்தால் இருக்கையில் ஒரு துவாய், கீழே ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி. வண்டிக்குள் ஏறினால் ஈரச் சாக்கின் நாற்றம். சின்ன மகனுக்கு இழுப்பு வரும். யன்னலைத் திறந்துவைத்து ஓடுவேன். பெண்களுக்கு இப்படிச் சமாளிப்பதில் ஒரு தனித் திறமை இருக்கிறது பாருங்கள். அந்தத் திறமைதான் பல நேரம் நம்மைக் கெடுக்கிறது.

2024 மார்ச்சில் மாமிக்குச் சிறுநீரகம் கைவிட்டது. கிழமைக்கு இரண்டு நாள் கண்டிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கையில் செய்யும் சத்திரசிகிச்சை பழுத்துப் பாவனைக்கு வரும் வரைக்கும் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டு நனையவே கூடாது, நனைந்தால் கிருமி நேரே இரத்தத்தில் கலந்துவிடும் என்று நேர்ஸ் எனக்கு மூன்று முறை சொல்லியனுப்பினார். குளிக்க வார்க்கும்போதுகூட கழுத்துக்குக் கீழேதான் வார்ப்பேன்.

மே மாதத்தில் ஒரு நாள். சிகிச்சை முடிந்து மாமியை முன்னிருக்கையில் சாய்த்து, சீற்பெல்ட் போட்டு, பிலிமத்தலாவை வரும்போதே மழை நின்றுவிட்டது. கடுகண்ணாவைக் கணவாயில் இறங்குகிறோம். வளைவில் முன்னால் போன லொறி திடீரென்று நின்றது. நானும் பிரேக்கை அழுத்தினேன். அந்த லைட்டின் ஓரத்தால் ஓர் அகப்பைத் தண்ணீர் அப்படியே மாமியின் தலையில் கொட்டியது. கொட்டி, முக்காட்டை நனைத்து, கழுத்தால் இறங்கி, கட்டுக்குள் போனது. கலங்கல் தண்ணீர். மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தா. அந்தப் பார்வை இருக்கிறதே...

வண்டியைத் திருப்பி மீண்டும் கண்டிக்குப் போனேன். கட்டை மாற்றிய நேர்ஸ் எனக்கு ஏசினார். ஏசத்தான் வேண்டும். வீடு வரும்போது இரவு பதினொரு மணி. மூன்று நாள் நான் தூங்கவில்லை. மணிக்கொரு தரம் மாமியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நாலாம் நாள் கணவரின் தம்பி ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "மச்சி, இதக் குடுத்துப் போட்டு வாடகைக்கு ஒரு வேன் புடிப்போம்" என்றார். வந்தவர் கதவைத் திறந்து மூக்கைச் சுளித்தார். கால்விரிப்பை அழுத்தினார், தண்ணீர் கசிந்தது. அதைக் காட்டியே ஊரில் போகும் விலையில் பாதியைச் சொன்னார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். உள்ளே கட்டிலில் இருந்து மாமி கூப்பிட்டா.

"மகள், அண்டைக்கு மழ நிண்டு எவ்வளவு நேரத்துக்குப் பொறகு தண்ணி கொட்டின?"

"அர மணித்தியாலம் இருக்கும் மாமி."

"அப்ப அந்தத் தண்ணி எங்க இருந்திச்சி? நான் தூண்ல தலய வெச்சிட்டு வந்தன். மேல சளக்சளக் எண்டு சத்தம். வாளில தண்ணி தூக்கிட்டுப் போற மாதிரி. பீலி அடபட்டா ஓடு நல்லா இருந்தாலும் வீடு ஒழுகும் மகள். நீங்க எல்லாரும் ஓட்டத்தான் பாத்தீங்க."

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் வேறொரு விஷயமும் எனக்கு அப்போது சேர்ந்து விளங்கியது. கண்டிக்குப் போகும்போது கணவாயில் ஏறுவோம். அப்போதெல்லாம் பின்னால் இருக்கும் பிள்ளைகள்தான் நனைவார்கள். திரும்பி இறங்கும்போது முன்னால் இருப்பவர்கள் நனைவோம். வெடிப்பால் வரும் தண்ணீர் என்றால் மழை பெய்யும்போது வெடித்த இடத்தால்தானே வரும்? இது மேலே எங்கோ தேங்கி நின்று, வண்டி சரிந்த பக்கம் ஓடி விழுகிறது.

வந்தவரைத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் வாகனங்களுக்கு குஷன் வேலை செய்யும் வயதான ஒருவர் இருக்கிறார். கூரையின் உட்துணியைக் கழற்றிப் பூட்டுகிறவர் என்பதால் மேலே என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். பிழையில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி, கீழே இருந்த பீரிசைக் காட்டி அவர் சொன்னதை உங்களுக்கு என் பாஷையில் சொல்கிறேன்.

நாம் நினைப்பது போல அந்தக் கண்ணாடி போத்தல் மூடி மாதிரி இறுக அடைப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. சுற்றியுள்ள ரப்பர் பெரும்பகுதி மழையை வெளியே தள்ளிவிடும். ஆனால் திறந்து மூடுகிற ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும் என்பது செய்தவர்களுக்கே தெரியும். அதனால் கண்ணாடிக்குக் கீழே, பீரிஸ் மாதிரி, சுற்றிவர ஓடை வைத்த ஒரு தட்டு இருக்கிறது. அதன் நாலு மூலையிலும் பென்சில் போகுமளவு துவாரம். ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு மெல்லிய குழாய். முன்னிரண்டும் முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களுக்குள்ளாலும், பின்னிரண்டும் பின்தூண்களுக்குள்ளாலும் இறங்கி, வண்டிக்குக் கீழே தண்ணீரை விட்டுவிடும். முப்பது வருடமாக ஒவ்வொரு மழையிலும் எங்கள் தலைக்கு மேலே தண்ணீர் வந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது! நாங்கள் அறியவில்லை, அவ்வளவுதான். குழாய் அடைபட்டால் தட்டு நிரம்பும். நிரம்பினால் விளிம்பால் வழிந்து உட்துணிக்கு மேல் விழும். அங்கிருந்து லைட்டின் ஓரம், தூணின் ஓரம் என்று வழி கிடைத்த இடத்தால் வரும். தூணுக்குள்ளால் இறங்குவது மின்கம்பிகளையும் கால்விரிப்பையும் பிடித்துவிடும். பியூஸ் பெட்டிப் பக்கம் ஈரம் போகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

ரப்பரை ஏன் மாற்றினோம், சிலிக்கோனை ஏன் பூசினோம் என்று கேட்டேன். பெரியவர் சிரித்தார். மற்றவர் வேலையைக் குறை சொல்ல அவருக்கு விருப்பமில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மூத்த மகனும் நானும் இறங்கினோம். கண்ணாடியைத் திறக்கவே அரை நாள் போனது, சிலிக்கோன் அப்படி ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் கரண்டியின் காம்பால் சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். கத்தி வைத்தால் பெயின்டும் ரப்பரும் போய்விடும். திறந்து பார்த்தால், சகோதரிகளே, ஓடை முழுக்கக் கறுத்த சேறு. தொட்டால் நார் நாராக வந்தது. என் ஜம்புப் பூக்கள்! இரண்டு வருடமாக ஊறி மக்கிக் கிடந்தன. பழைய பல்துலக்கியாலும் ஈரத் துணியாலும் துடைத்தெடுத்தோம். ஒரு சின்ன வாளி நிறைய வந்தது.

பிறகுதான் சோதனை. ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் முன் வலது மூலையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். மகன் கீழே படுத்துப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை, ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே நின்றது. துவாரத்துக்குள் பார்த்தால் சிலிக்கோன் கட்டியொன்று குந்திக்கொண்டு இருக்கிறது. ஒழுக்கை நிறுத்தக் காசு கொடுத்துப் பூசியது!

குத்துவதற்கு மகன் இரும்புக் கம்பியை எடுத்து வந்தான். அதைப் பெரியவர் முன்னமே தடுத்திருந்தார். கம்பி குழாயைக் கிழித்துவிடும், அல்லது மூலையிலிருந்து தள்ளிக் கழற்றிவிடும். பிறகு அந்தத் தண்ணீர் முழுவதும் கூரைக்குள்தான். புல்லு வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலோன் நூல் இருக்கிறதே, அதில் ஆறேழு அடி. நுனி கூராக இருக்கக் கூடாது, நெருப்பில் காட்டிச் சற்று உருட்டிக்கொள்ள வேண்டும். அதை மெல்ல மெல்லத் திருகியபடி உள்ளே விட வேண்டும். தடுத்தால் தள்ளாமல் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மறுபடி விட வேண்டும். ஊசியில் நூல் கோர்த்த கைகளுக்கு இது கஷ்டமே இல்லை. மகன் இரண்டு முறை பொறுமையிழந்து எழுந்து போனான். கட்டியைச் சாமணத்தால் எடுத்து, நூலை விட்டு, சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். சற்று நேரத்தில் கீழிருந்து, "உம்மா! வருது! கறுப்பா வருது!" என்று ஒரு சத்தம். மாமி உள்ளேயிருந்து, "என்ன வருது?" என்று கேட்டா.

முன் இடதும் அப்படித் திறந்தது. பின் வலதில் அடைப்பு மேலே இல்லை, கீழே. குழாய் முடியும் இடத்தில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. சேற்றில் ஓடுகிற ஜீப்களுக்கு மண்ணும் அப்படி ஏறி அடைக்குமாம். ஈர்க்கிலால் தட்டிவிட்டதும் அடுப்படிக் குழாய் மாதிரி ஓடியது.

பின் இடதில் ஊற்றிய தண்ணீர் உடனே போனது. எனக்குச் சந்தோஷம். ஆனால் கீழே ஒரு துளியும் விழவில்லை. போன தண்ணீர் எங்கே? சற்று நேரத்தில் உட்துணியில் வட்டமாக ஈரம் ஊறியது. இதுதான் நான் முன்னே சொன்ன டயர் கடைக் காற்றின் வேலை. அடைபட்ட குழாய்க்குள் பலமாக ஊதினால் அடைப்பு போகாது, மூட்டு கழன்றுவிடும். இது என் கைக்கு அடங்காது என்று அங்கே நிறுத்திக்கொண்டேன். பெரியவர் வந்து, பின்பக்க உட்துணியை இறக்கி, கழன்ற குழாயை மீண்டும் செருகி, ஒரு கிளிப் போட்டு இறுக்கினார். ஒரு மணித்தியால வேலை. மூவாயிரம் ரூபா கேட்டார். கொடுத்தவற்றிலெல்லாம் பயன் கிடைத்த காசு அதுதான்.

நாற்றம் மட்டும் போகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. கால்விரிப்பை மேலால் காய வைத்தால் போதாது. அதன் கீழே மெத்தை மாதிரி தடித்த ஒரு படை இருக்கிறது. தண்ணீரை ஸ்பொஞ்ச் மாதிரி பிடித்துவைத்திருப்பது அதுதான். இருக்கைகளைக் கழற்றி, இரண்டையும் வெளியே எடுத்து, மூன்று வெயில் காய வைத்தோம். தகரத்தில் துரு அரும்பியிருந்தது. சுரண்டி, துருவுக்கான பெயின்ட் பூசினோம். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் அடித்தகரம் ஓட்டை விழுந்திருக்கும் என்றார் பெரியவர். பூஞ்சணம் பிடித்த இடங்களை வினாகிரி கலந்த தண்ணீரால் துடைத்தேன். அதோடு குளோரின் மட்டும் கலந்துவிடாதீர்கள். கிளம்புவது நச்சு வாயு. காய்ந்த பிறகு அப்பச்சோடா தூவி ஓரிரவு வைத்துக் கூட்டியெடுத்தேன். சின்ன மகன் இப்போது வண்டிக்குள் இழுப்பில்லாமல் தூங்குகிறான்.

ரப்பருக்கு மட்டும், அதற்கென்றே விற்கும் சிலிக்கோன் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசுகிறேன். சிலிக்கோன் எண்ணெய் வேறு, ஒட்டுகிற சிலிக்கோன் வேறு. கடையில் கேட்கும்போது கவனம். கிறீஸ், வஸ்லின் பூசினால் ரப்பர் ஊதிப்போகும்.

அடுத்த கிழமையே நல்ல மழை. கடுகண்ணாவையில் இறங்கும்போது நான் வேண்டுமென்றே ஒரு முறை பிரேக்கை அழுத்தினேன். மாமி கழுத்தைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தா. ஒன்றும் விழவில்லை. "சத்தமும் இல்ல" என்றா. சற்றுத் தூரம் போனதும், "எனக்கும் குழாய், இதுக்கும் குழாய். இதுட கொழாய நீ சுத்தமாக்கிட்ட" என்று சிரித்தா. கழுத்துக் குழாயை அந்த ஓகஸ்டில் எடுத்துவிட்டார்கள். இப்போது கையால்தான் சிகிச்சை.

ஜீப்பை ஜம்பு மரத்தடியில் நிறுத்துவதில்லை. மாதத்தில் ஒரு நாள் கூரைக் கண்ணாடியைத் திறந்து, ஓடையைத் துடைத்து, நாலு மூலையிலும் அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். நைலோன் நூலைச் சுருட்டி டெஷ்போட் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். உட்துணியில் அந்த மஞ்சள் வட்டம் இன்னும் இருக்கிறது, மாற்றக் காசில்லை. போன மாதம் கணவரின் தம்பி வந்து, அதே ஆள் இப்போது முழு விலை தருவதாகச் சொல்கிறார் என்றார். மாமியிடம் கேட்கச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.